கேஜ் எண்ணை மட்டும் நம்பிக் கம்பி வாங்காதீங்க

களுவாஞ்சிக்குடியிலோ கல்முனையிலோ ஒரு ஹாட்வெயார் கடையில் கொஞ்ச நேரம் நின்றால் இப்படி யாராவது கேட்பது காதில் விழும்: "தம்பி, வளவு வேலிக்கு நல்ல மொத்தக் கம்பியாத் தாங்க, பன்னிரண்டு கேஜ்." அவருக்கு வேண்டியது உண்மையில் பத்துக் கேஜ். கம்பியில் கேஜ் எண் கூடக் கூடத் தடிப்புக் குறையும். கம்பியை ஒன்றைவிட ஒன்று சிறிய துளைகளுக்குள்ளால் இழுத்து இழுத்துத்தான் மெலிய வைப்பார்கள். எத்தனை தரம் இழுத்தார்கள் என்பதை ஒட்டி வந்த எண் அது.

பிரித்தானியாவில் 1884இல் சட்டமான எஸ்.டபிள்யு.ஜி. (ஸ்டாண்டர்ட் வயர் கேஜ்) என்ற கம்பித் தடிப்பு அட்டவணைப்படி 10 கேஜ் 3.25 மி.மீ., 12 கேஜ் 2.64 மி.மீ. அரை மில்லிமீற்றர் சொச்சம்தானே என்று விட்டுவிடாதீங்க. ஒரு கிலோ இரும்புக் கம்பி 10 கேஜில் ஏறக்குறைய 15 மீற்றர் வரும், 12 கேஜில் 23 மீற்றர். ஒவ்வொரு மீற்றரிலும் மூன்றில் ஒரு பங்கு இரும்பு குறைவு. கடற்கரைப் பக்கத்து உப்புக்காற்றில் எந்த வேலி முதலில் அறும் என்று யோசித்துப் பாருங்க.

போனில் அமெரிக்க ஏ.டபிள்யு.ஜி. (மின்கம்பிக்கான கேஜ்) அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போவது இன்னொரு தவறு. அந்தக் கணக்கில் 10 கேஜே 2.59 மி.மீ. தான். பிளாஸ்டிக் பூசிய வலைக்கம்பி என்றால் பூச்சையும் சேர்த்து அளந்து தடிப்புச் சொல்வதும் உண்டு. வெட்டிய முனையில் உள்ளிருக்கும் கம்பியை வேணியர் (தடிப்பு அளக்கும் கருவி) வைத்து அளந்து, மில்லிமீற்றரில் கேட்டு, பில்லிலும் அப்படியே எழுதச் சொல்லுங்க.

கேஜ் என்ற சொல் வேறு இடங்களிலும் வரும். ஆஸ்பத்திரி ஊசியும் கம்பி மாதிரித்தான்: 25 கேஜ் ஊசி 21 கேஜை விட மெல்லிசு. ரயர் கடையில் கேஜ் என்றால் காற்றழுத்தம் பார்க்கும் கருவி. மட்டக்களப்பு ரயில் பாதை புரோட் கேஜ் என்பதோ இரண்டு தண்டவாளத்துக்கும் இடையிலுள்ள 1676 மி.மீ. அகலம். இவற்றில் ஆட்கள் அவ்வளவாக ஏமாறுவதில்லை.

ஏமாறுவது பொலித்தீனில். வீட்டு நிலத்துக்குக் கொங்கிறீற் போடமுன் ஈரம் ஏறாமல் விரிக்கிறோமே, அதில் கணக்குத் தலைகீழ்: எண் கூடினால் தடிப்பும் கூடும். 1000 கேஜ் என்றால் 250 மைக்கிரோன், அதாவது கால் மில்லிமீற்றர், 500 கேஜ் அதில் பாதி. கம்பி வாங்கிய பழக்கத்தில் சின்ன எண்ணே நல்லது என்று 500 எடுத்தால், கல்லும் கம்பி முனையும் குத்திக் கிழித்துவிடும், மாரி மழைக்கு நிலம் கசியும். சோதிக்க எளிய வழி உண்டு. ஒரு துண்டை மூன்று தரம் மடித்தால் எட்டு அடுக்கு. இறுக்கிப் பிடித்து வேணியரில் அளந்தால் 1000 கேஜுக்கு 2 மி.மீ. வர வேண்டும். 1 மி.மீ. தான் வந்தால் உங்க கையில் இருப்பது 500.