பங்கும் பள்ளியும் ஒன்றல்ல: ஆர்.சி. தொடக்கப் பள்ளிகள் குடும்பங்களோடு பழகுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தமிழ்நாட்டில் கத்தோலிக்கக் கோயில் இருக்கும் ஊர்களில் பெரும்பாலும் அதன் சுற்றுச்சுவருக்குள்ளேயோ எதிர்ப்புறத்திலோ ஓர் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியும் இருக்கும். ஆயரின் ஆளுகையிலுள்ள மறைமாவட்டமோ கன்னியர் சபையோ நடத்தும் இப்பள்ளிகளில் மிகப் பல அரசு உதவி பெறுபவை. ஆசிரியர்களின் ஊதியத்தை அரசு தருகிறது. கட்டடத்தையும் நிர்வாகத்தையும் தாளாளர் பார்த்துக்கொள்கிறார். பல ஊர்களில் அந்தத் தாளாளர், ‘பங்கு’ எனப்படும் கோயில் சமூகத்தின் பொறுப்புக் குருவான பங்குத்தந்தையேதான். ஒரே வளாகம், ஒரே சாமியார், ஒரே மணி என்று இருப்பதால், பங்குச் சமூகம்தான் பள்ளிச் சமூகமும் என்ற எண்ணம் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே வேரூன்றிவிடுகிறது. குடும்பங்களுக்குத் துணையாக இருக்க வேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு தொடங்கும் பல காரியங்கள் பிசகுவது பெரும்பாலும் இந்த எண்ணத்தால்தான்.

பிசகு அறிவிப்பிலேயே தொடங்குகிறது. பள்ளியில் சேர்க்கை தொடங்கும் நாள், பெற்றோர் கூட்டம், ஆண்டு விழா என எதுவானாலும் முதலில் ஞாயிறு பூசையின் முடிவில் சொல்லப்பட்டு, பிறகு அன்பியங்கள் எனப்படும் அண்டை வீட்டுப் பங்குக் குடும்பக் குழுக்கள் வழியாக வீடுகளுக்குப் போவது பழைய வழக்கம். எல்லாப் பிள்ளைகளும் பங்குக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருந்த கடற்கரை ஊரில் இது போதுமானதாக இருந்திருக்கலாம். ஆனால் இன்று உள்நாட்டு ஊர்களின் ஆர்.சி. பள்ளிகள் பலவற்றில் இந்து, முஸ்லிம், பிற கிறிஸ்தவ சபைக் குடும்பங்களின் பிள்ளைகளே மிகுதி. பங்கில் பெயர் இருந்தும் கோயிலுக்கு வராத குடும்பங்கள் வேறு. இவர்களுக்குச் செய்தி கடைசியாக, அதுவும் பாதியாகப் போய்ச் சேர்கிறது. கூட்டத்துக்கு வராத தாயைப் பார்த்து “அக்கறையில்லாதவர்” என்று ஆசிரியை முடிவு கட்டும்போது, அந்தத் தாய்க்குக் கூட்டம் நடந்ததே தெரிந்திருக்காது. அறிவிப்பு எதுவாக இருந்தாலும் அது முதலில் பள்ளியிலிருந்து, பிள்ளையின் கையில் கொடுத்தனுப்பும் சீட்டாகவோ வகுப்பாசிரியரின் தொலைபேசி அழைப்பாகவோ போக வேண்டும். கோயில் அறிவிப்பு அதற்குப் பின்னால் வரலாம். உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, வறியவர்கள், குடும்பத்தின் துணையும் அன்பும் கிட்டாதவர்கள், கிறிஸ்தவ நம்பிக்கையைச் சேராதவர்கள் ஆகியோர் மேல் கத்தோலிக்கக் கல்வி தனி அக்கறை கொள்ள வேண்டும் என்கிறது. பூசை அறிவிப்பு எட்டாத வீடுகள் பெரும்பாலும் இந்த மூன்று வகையினுடையவை.

வழிபாட்டில் நேரும் தவறு இதைவிட நுட்பமானது. அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிலையத்தில் பயிலும் ஒருவர், தம் சம்மதம் இல்லாமல், சிறுவரானால் காப்பாளரின் சம்மதம் இல்லாமல், சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தப்படக் கூடாது என்று அரசியலமைப்பின் 28(3) கூறு சொல்கிறது. சிறுபான்மையினர் தம் விருப்பப்படி கல்வி நிலையங்களை நிறுவி நடத்த 30ஆம் கூறு தரும் உரிமையைப் பற்றி நிர்வாகங்கள் நன்றாக அறிந்திருக்கின்றன. 28(3)ஐ அந்த அளவுக்கு நினைவில் வைத்திருப்பதில்லை. பெற்றோர் யாரும் எதிர்த்துப் பேசுவதில்லையே என்பது சம்மதம் ஆகாது, ஏனென்றால் சேர்க்கைக்காக வந்து நிற்பவர் எதையும் எதிர்த்துப் பேச மாட்டார். சேர்க்கையின்போதே தெளிவாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது பள்ளிக்கும் பாதுகாப்பு. அதோடு, கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு (தம் சமய வகுப்புக்கு) போகும் நேரத்தில் மற்றவர்களை வராந்தாவில் சும்மா உட்காரவைப்பது, “நீங்கள் மிச்சம்” என்று சொல்வதற்குச் சமம். அவர்களுக்கு நன்னெறி வகுப்பு என்று கால அட்டவணையில் இருந்தால், அதை நடத்த ஓர் ஆசிரியரும் நடத்துவதற்குப் பாடமும் இருக்க வேண்டும்.

உதவி செய்யும் முறையில் நேரும் தவறுகளே குடும்பங்களை அதிகம் புண்படுத்துகின்றன என்பது என் கருத்து. ஜூன் மாதத்தில் ஏதோ ஓர் அறக்கட்டளையோ வெளிநாட்டிலிருந்து வந்த ஊர்க்காரரோ நோட்டுப் புத்தகமும் பையும் தருவார். பதாகை கட்டப்படும். ஒலிபெருக்கியில் பெயர் வாசிக்கப்பட, எட்டு வயதுப் பெண் ஒருத்தி மேடையேறிப் பையின் ஒரு பக்கத்தைப் பிடிப்பாள். மறுபக்கத்தைக் கொடுப்பவர் விடாமல் பிடித்திருக்க, புகைப்படக்காரர் “இன்னொரு தடவை” என்பார். “தந்தையை இழந்த மாணவி” என்று அறிவிப்பாளர் சேர்த்துக்கொள்வதும் உண்டு. அன்று மாலைக்குள் அந்தப் படம் ஊர் வாட்ஸ்அப் குழுக்கள் அனைத்திலும் வந்துவிடும். அடுத்த ஆண்டு அந்தத் தாய் உதவி வேண்டாம் என்றால் அதற்குக் காரணம் வீம்பு அல்ல. கொடையாளருக்குக் கணக்குத்தான் வேண்டும் என்றால் ரசீதும் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் போதும்; படம்தான் வேண்டும் என்றால் வகுப்பு முழுவதையும் சேர்த்து எடுத்துக்கொள்ளட்டும்.

இதற்கு மாற்று பங்கிலேயே இருக்கிறது. 1833இல் பாரிசில் பிரெடரிக் ஓசானமும் தோழர்களும் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் கிளைகள் தமிழ்நாட்டுப் பங்குகள் பலவற்றில் இயங்குகின்றன. உறுப்பினர்கள் இருவர் இருவராக ஏழைகளின் வீட்டுக்கே போய்ப் பார்ப்பது அந்தச் சபையின் அடிப்படைப் பழக்கம். பள்ளி அவர்களோடு சேர்ந்து வேலை செய்தால், மேடை இல்லாமலே உதவி போய்ச் சேரும். ஆனால் யாருக்குத் தேவை என்பதை வகுப்பாசிரியர் சொல்ல வேண்டும், பங்குப் பதிவேடு சொல்லக் கூடாது. இல்லாவிட்டால் முதலில் சொன்ன தவறே வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிடும்.

அனைவருக்கும் உரியதை ஏழைக்கு உரியதாக மாற்றிவிடுவதும் இந்த வகையைச் சேர்ந்ததே. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2024 ஜூலை 15 அன்று ஊரகப் பகுதி உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. அதன் தொடக்க விழா நடந்ததே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப் பள்ளியில்தான். 2025 ஆகஸ்டில் நகர்ப்புறப் பள்ளிகளும் சேர்க்கப்பட்டன. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள அனைவருக்குமான உணவு இது. “வீட்டில் சாப்பிடாதவர்கள் மட்டும் போங்கள்” என்று ஓர் ஆசிரியை சாதாரணமாகச் சொல்லிவிட்டால், மறுநாள் முதல் பசியோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளை ஒன்றாவது அந்த வகுப்பில் இருக்கும்.

பள்ளியின் நாட்காட்டி குடும்பத்தின் வருமான நாட்காட்டியோடு மோதுவதையும் நிர்வாகங்கள் எளிதில் கவனிப்பதில்லை. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் அது ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதாவது பள்ளி திறந்து, அடையாள அட்டைக்கும் டைக்கும் பெல்ட்டுக்கும் டைரிக்கும் பணம் கேட்கும் அதே வாரங்களில், விசைப்படகில் வேலைக்குப் போகும் வீடுகளில் வருமானம் நின்று போயிருக்கும். கட்டணம் இல்லாத பள்ளி என்று சேர்த்துவிட்டு இப்படிச் சில்லறையாகக் கேட்கும் தொகைகளே பிள்ளையைச் சில நாள் வீட்டில் நிறுத்திவைக்கின்றன. தவிர்க்க முடிந்த வசூலைத் தவிர்த்துவிட்டு, மிச்சத்தைப் படகுகள் கடலுக்குப் போகத் தொடங்கிய பிறகு தவணையாக வாங்கினால் பள்ளிக்கு நட்டம் எதுவும் இல்லை. பிள்ளைகள் முதன்முறை நற்கருணை பெறும் புதுநன்மைக்கும் இதே கணக்குதான்: வெள்ளை உடை, தலையில் சூடும் முடி, மெழுகுதிரி, விருந்து என்று போட்டியாக வளர்ந்துவிட்ட செலவை, எல்லாருக்கும் ஒரே எளிய உடை என்று பங்குத்தந்தை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதி வீடுகள் கடன் வாங்காமல் தப்பிக்கும்.

பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் மதியத்தில் வைத்துவிட்டு, வந்த சிலரிடம் வராதவர்களுக்கான திட்டையும் சேர்த்துக் கொட்டுவது பரவலான பழக்கம். நூறு நாள் வேலைக்கும் மீன் விற்கவும் போகும் தாய்மார்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. தந்தை வளைகுடாவிலோ ஆழ்கடலிலோ இருக்க, பிள்ளையை வளர்ப்பது பாட்டியாக இருந்தால், கூட்டத்துக்கு வரும் பாட்டியிடம் “அப்பா அம்மாவை வரச் சொல்லுங்கள்” என்று திருப்பி அனுப்புவதைவிட மோசமான காரியம் இல்லை. வந்திருப்பவர்தான் அந்தப் பிள்ளைக்குப் பெற்றோர். ஆகஸ்ட் 1ஆம் தேதி நிலவர மாணவர் எண்ணிக்கையை வைத்து ஆசிரியர் பணியிடங்கள் நிர்ணயிக்கப்படுவதால், மே மாதத்தில் ஆசிரியர்கள் சேர்க்கைக்காக வீடுவீடாக ஏறி இறங்குகிறார்கள். அந்த வீடுகளுக்கு ஆகஸ்டுக்குப் பிறகு ஒருமுறை போய் வந்தாலே, பெற்றோர் கூட்டத்தில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகள் ஓரளவு நிறையும்.

பங்கின் பூசல்களைப் பள்ளிக்குள் விடுவது வேறொரு தவறு. பங்கு வரி கட்டாத குடும்பத்தின் பிள்ளைக்குச் சேர்க்கை தர யோசிப்பதும், திருவிழாக் கமிட்டியில் எதிரணியில் நின்றவரின் மகனை வகுப்பில் ஓரங்கட்டுவதும் வெளியே தெரியாமல் நடப்பவை. தாளாளரும் பங்குத்தந்தையும் ஒரே ஆளாக இருக்கும்போது, எந்த நாற்காலியிலிருந்து பேசுகிறோம் என்ற தெளிவு அவருக்குத்தான் இருக்க வேண்டும். சாதியும் அப்படியே. தலித் கிறிஸ்தவர்கள் கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் ஒதுக்கப்பட்டதை எதிர்த்த போராட்டங்கள் பல பங்குகளின் நினைவில் இன்னும் ஆறாமல் இருக்கின்றன. பள்ளியில் அது வேறு வடிவம் எடுக்கிறது: கிறிஸ்மஸ் நாடகத்தில் மாதா வேடமும் ஆண்டு விழாவில் வரவேற்பு நடனமும் ஆண்டுதோறும் எந்தத் தெருப் பிள்ளைகளுக்குப் போகின்றன என்று ஒரு தலைமை ஆசிரியை பழைய படங்களை எடுத்துப் பார்த்தால், யாரும் திட்டமிடாமலே நடந்துவந்தது கண்ணில் படும்.

புகார்கள் வரும்போது செய்யப்படும் தவறுக்குச் சட்டமே தண்டனை வைத்திருக்கிறது. பிள்ளையிடம் யாராவது தகாத முறையில் நடந்திருப்பதாகத் தெரியவந்தால், “சபையின் பெயர் கெட்டுவிடும், உள்ளேயே பேசி முடிப்போம்” என்று பெற்றோரை அழைத்துச் சமாதானம் பேசுவது ஆதரவு ஆகாது. சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காதவருக்கு ஆறு மாதம் வரையிலும், தம் கீழ்ப் பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரையிலும் சிறைத்தண்டனை உண்டு. 1098 என்ற சிறார் உதவி எண் பள்ளிச் சுவரில் பிள்ளைகளின் கண் உயரத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அலுவலக அறைக்குள் மாட்டிவைப்பதால் பயனில்லை.

சிறியதாகத் தோன்றினாலும் அலைச்சல் தருவது பழைய தகவல். மத்திய அரசின் சிறுபான்மையினர் பள்ளிக் கல்வி உதவித்தொகை 2022-23 முதல் 9, 10ஆம் வகுப்புகளுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டுவிட்டது. தொடக்கப் பள்ளிப் பெற்றோரை வருமானச் சான்றுக்காக இன்னும் இ-சேவை மையத்துக்கு அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறுதியாக, பணிமாற்றம். பங்குத்தந்தையர் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறார்கள், சிஸ்டர்களும் அப்படியே. எந்த வீட்டில் தந்தை குடிக்கிறார், எந்தப் பிள்ளையைப் பாட்டி வளர்க்கிறார், யாருக்குக் கண்ணாடி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்பதெல்லாம் அவர்கள் மனத்திலேயே இருந்து, வழியனுப்பு விழாவோடு போய்விடுகின்றன. புதிதாக வருபவர், பங்குப் பேரவை சொல்லும் பெயர்களிலிருந்து மீண்டும் தொடங்குகிறார். சொன்ன உதவி, செய்த உதவி, நிலுவையில் உள்ள உதவி ஆகியவற்றை மட்டும் சுருக்கமாக எழுதி, வீட்டு ரகசியங்களை அதில் ஏற்றாமல், தலைமை ஆசிரியையின் பூட்டிய அலமாரியில் ஒரு பதிவேட்டை வைத்திருந்தால் போதும். பொறுப்பு ஒப்படைக்கப்படும் நாளில் கணக்குப் புத்தகத்தோடும் சாவிக்கொத்தோடும் அதையும் சேர்த்துக் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும்.