வேவு பார்க்கும் ஆப் போனில் இருக்கிறதா? தேடுவதும் நீக்குவதும்

பெகாசஸ் என்ற வேவு மென்பொருளின் பெயரைக் கேட்டதும் எல்லோருக்கும் கிலி பிடிக்கிறது. 2019இல் சுமார் 1,400 பேரின் போன்களை அது குறிவைத்ததாக வாட்ஸ்அப் சொன்னது. தயாரிக்கும் இஸ்ரேல் நிறுவனமோ, அரசுகளுக்கு மட்டுமே விற்பதாகச் சொல்கிறது. பத்திரிகையாளரும் போராட்டக் குழுவில் முன்னால் நிற்பவரும் அதற்குப் பயப்படுவதில் நியாயம் உண்டு. கூடுதல் பாதுகாப்பாக, அவர்கள் ஐபோனில் லாக்டவுன் மோடை (ஐஓஎஸ் 16 முதல்), ஆண்ட்ராய்டு 16இல் அட்வான்ஸ்டு ப்ரொடெக்‌ஷனைப் போட்டுக்கொள்ளட்டும். அப்டேட் வந்த அன்றே ஏற்றிவிடட்டும்.

மற்றவர்கள் கவலைப்பட வேண்டியது வேறு இரண்டு வழிகளைப் பற்றி. ஒன்று, வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை இன்ஸ்டால் செய்யும் கோப்பு. கல்யாணப் பத்திரிகை, வண்டி அபராதச் சலான், பிஎம் கிசான் என்று பெயர் போட்டு வரும். ஆவணியிலும் தையிலும் நிஜப் பத்திரிகையே வாட்ஸ்அப்பில்தான் வருகிறது, கை தானாக அமுக்கிவிடும். பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோதான் இருக்கும். இன்ஸ்டால் செய்யச் சொன்னால் அது பத்திரிகை இல்லை. இரண்டாவது வழி, பூட்டுத் திறந்த உங்கள் போனைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்த ஆள். வீட்டுக்காரர், கொழுந்தன், சர்வீஸ் கடைக்காரர், வளைகுடாவிலிருந்து போன் கொண்டுவந்து எல்லாம் செட் செய்து தந்தவர், யாராகவும் இருக்கலாம்.

வேவு பார்ப்பவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார் என்று சந்தேகித்தால் எதையும் உடனே அழிக்காதீர்கள். ஆப்பை நீக்கிய அடுத்த நிமிடமே அவருக்குத் தெரிந்துவிடும், கோபம் உங்கள் மேல் திரும்பும். ஆதாரமும் போய்விடும். நம்பகமான ஒருவரின் போனால், வேவு ஆப் தெரியும் திரைகளைப் படம் எடுத்து வையுங்கள், உதவியும் அந்தப் போனிலிருந்தே கேளுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181. ஒரு பெண்ணின் இணைய, மின்னஞ்சல் பயன்பாட்டைக் கண்காணிப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆவது பிரிவில் குற்றம். தாலி கட்டியவர் என்பதால் அது உரிமையாகிவிடாது.

இனி ஆண்ட்ராய்டு போனில் தேடல். மெனு இருக்கும் இடம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், ஆகவே செட்டிங்ஸ் மேலே உள்ள தேடல் பெட்டியில் பெயரை அடித்துப் பாருங்கள். முதலில் ஆக்சசிபிலிட்டி. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்ட வந்த வசதி இது. இதைப் பிடித்த ஆப் நீங்கள் பார்ப்பதைப் படிக்கும், அடிப்பதைக் குறித்துக்கொள்ளும், உங்களுக்குப் பதிலாக பட்டனையும் அமுக்கும். அதில் ‘டவுன்லோடட் ஆப்ஸ்’ பட்டியலில் நீங்கள் வைக்காத எதுவும் ‘ஆன்’ என்று இருக்கக் கூடாது. ஆண்ட்ராய்டு 13 முதல், வெளியிலிருந்து ஏற்றிய ஆப்புக்கு இந்த அனுமதி எளிதில் கிடைக்காது. அதனால்தான் மோசடிக்காரன் போனில் கூடவே பேசி, ‘அலோ ரெஸ்ட்ரிக்டட் செட்டிங்ஸ்’ என்பதை அமுக்கச் சொல்கிறான். அந்தச் சொல் காதில் விழுந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

அடுத்து டிவைஸ் அட்மின் ஆப்ஸ் (போன் மேல் கூடுதல் அதிகாரம் பெற்ற ஆப்கள்), நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ் (அறிவிப்புகளைப் படிக்கும் அனுமதி), இன்ஸ்டால் அன்னோன் ஆப்ஸ் (ப்ளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஆப் ஏற்றும் அனுமதி) மூன்றையும் பாருங்கள். கடைசியதில் வாட்ஸ்அப், குரோம், ஃபைல்ஸ் உட்பட எல்லாமே ‘அனுமதி இல்லை’ என்றிருக்க வேண்டும். ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, கெட்ட ஆப்களைத் தேடும் ப்ளே ப்ரொடெக்ட் ஸ்கேன் ஓட்டுங்கள். அது அணைந்து கிடந்தால் அதுவே ஒரு தடயம். முகப்புத் திரையில் ஐகான் இல்லை என்று நிம்மதி கொள்ள வேண்டாம். வேவு ஆப்கள் ஐகானை மறைத்துக்கொண்டு, ‘சிஸ்டம் சர்வீஸ்’ போன்ற பெயரில், எல்லா ஆப்களும் உள்ள முழுப் பட்டியலில்தான் அகப்படும். ஆண்ட்ராய்டு 12 முதல் பிரைவசி டாஷ்போர்டு உண்டு. 24 மணி நேரத்தில் மைக், கேமரா, லொகேஷனை எந்த ஆப் எப்போது எடுத்தது என்று காட்டும்.

சார்ஜ் சீக்கிரம் இறங்குவதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். பேச்சிப்பாறைப் பக்கம் டவர் கிடைக்காமல் போன் சிக்னல் தேடிக்கொண்டே இருந்தாலும் பேட்டரி அப்படித்தான் தீரும்.

ஆப் கிடைத்துவிட்டால் ஏரோப்ளேன் மோடு போட்டு, வைஃபையும் அணைந்ததா என்று பாருங்கள். அன்இன்ஸ்டால் பட்டன் மங்கிக் கிடந்தால் டிவைஸ் அட்மினில் டிக்கை எடுத்துவிட்டுத் திரும்ப முயலுங்கள். செட்டிங்ஸ் தானாக மூடிக்கொண்டால் சேஃப் மோடு: பவர் மெனுவில் ‘பவர் ஆஃப்’ பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் கேட்கும். வெளியிலிருந்து ஏற்றிய ஆப்கள் அதில் ஓடாது என்பதால் நீக்குவது சுலபம். அதற்கும் மசியாவிட்டால் படங்களையும் தொடர்பு எண்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட், அதாவது போனில் உள்ள எல்லாவற்றையும் அழிப்பது. ரீசெட்டுக்கு முன் போனில் யாருடைய கூகுள் கணக்கு இருக்கிறது என்று கட்டாயம் பாருங்கள். கடைக்காரர் கணக்கு என்றால், ரெக்கவரி (போன் அணைந்திருக்கும்போது பட்டன்களை அழுத்தி வரவழைக்கும் மெனு) வழியாக ரீசெட் செய்ததும் போன் அதன் பாஸ்வேர்டைக் கேட்டு நின்றுவிடும்.

ஆப் எதுவும் அகப்படவில்லையா? வேவுக்கு ஆப்பே தேவையில்லாமலும் இருக்கலாம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் திறந்தால், உங்கள் செய்திகள் ஓடும் மற்ற சாதனங்கள் (நான்கு வரை) தெரியும். தெரியாததை லாக் அவுட் செய்யுங்கள். கூகுள் கணக்கில் ‘யுவர் டிவைசஸ்’, மேப்பில் லொகேஷன் ஷேரிங், ஸ்க்ரீன் லாக்கில் பதிவான கைரேகைகள் எத்தனை என்பவற்றையும் பாருங்கள். நீங்கள் தூங்கும்போது போனைத் திறக்க, அடுத்தவர் விரல் ஒன்று அங்கே பதிவாகியிருந்தால் போதும். கால் ஃபார்வர்டிங்கையும் விடாதீர்கள். ஸ்டார் ஹேஷ் எண் அடித்து அழைப்பைத் திருப்பும் சேவையை 2024 ஏப்ரலில் நிறுத்த அரசு உத்தரவிட்டதால், போன் ஆப்பின் செட்டிங்ஸிலேயே பாருங்கள். பாஸ்வேர்டுகளை வேறு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். வாட்ஸ்அப்புக்கு ஆறு இலக்க டூ ஸ்டெப் பின் போடுங்கள்.

ஐபோன்காரர்களுக்கு வேலை குறைவு: செட்டிங்ஸ், பிரைவசி, சேஃப்டி செக். யார் யாரோடு என்ன பகிர்ந்திருக்கிறீர்கள் என்று வரிசையாகக் காட்டி, அங்கேயே துண்டிக்கவும் விடும்.

வங்கிப் பணம் போயிருந்தால் முதலில் சைபர் மோசடி உதவி எண் 1930ஐ அழையுங்கள், பிறகு நாகர்கோவில் சைபர் கிரைம் காவல் நிலையம். வடசேரியிலோ மார்த்தாண்டத்திலோ டிஸ்ப்ளே மாற்றக் கொடுக்கும்போது பேட்டர்ன் சொல்லத் தேவையில்லை. எமர்ஜென்சி கால் திரையில் எண்களை அமுக்கினாலே டச் வேலை செய்கிறதா என்று தெரியும். புதிய சாம்சங் போனில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு உண்டு; போட்டுக் கொடுத்தால் உங்கள் படமும் மெசேஜும் கடைக்காரர் கண்ணில் படாது.