வந்த வழியில்தான் பணம் வெளியே போகும்: வெளிநாடு கிளம்புகிறவர்கள் செய்யும் கணக்குத் தவறுகள்

கொங்கு நாட்டில் ஒரு பிள்ளை வெளிநாட்டுக்குக் குடிபோகிறதென்றால் விசா வந்த நாளிலிருந்து வீடு ஓடத் தொடங்கிவிடும். குலதெய்வம் கோயில், துணிமணி, மசாலாப் பொடி, ஊறுகாய் என்று எல்லாவற்றுக்கும் நேரம் இருக்கும். பேங்க் வேலை மட்டும் கடைசி வாரத்துக்கு வந்து நிற்கும். அதுவும் "அந்த ஊர்ல அக்கவுண்ட் எப்படிங்க ஆரம்பிக்கறது?" என்ற ஒரே கேள்வியாகத்தான் வரும். ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்துகொண்டு இந்த ஃபைல்களைப் பார்க்கிற எனக்குத் தெரிந்தவரை, சிக்கல் பெரும்பாலும் அந்த ஊரில் இருப்பதில்லை. இங்கே பெருந்துறையிலோ தாராபுரத்திலோ உள்ள கிளையில், காலேஜ் படிக்கும்போது ஆரம்பித்த பழைய சேமிப்புக் கணக்கில்தான் இருக்கிறது.

ஒரு ரூபாய் எந்தக் கணக்கு வழியாக உள்ளே வந்தது என்பதுதான், நாளைக்கு அது எப்படி வெளியே போகலாம், எவ்வளவு வரி கட்டும், எத்தனை காகிதம் கேட்கும் என்பதையெல்லாம் முடிவு செய்கிறது. கீழே சொல்லும் தவறுகளில் முக்கால்வாசி இதை மறந்ததால் வருகிறவை.

பழைய எஸ்.பி. கணக்கை அப்படியே விட்டுவிட்டுப் போவது

"182 நாள் ஆனாத்தான் என்.ஆர்.ஐ." என்று சொல்லாத ஆள் கிடையாது. அது வருமான வரிக்கான கணக்கு. வங்கிக் கணக்கைக் கட்டுப்படுத்துவது 1999-ஆம் ஆண்டின் ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம். அதன்படி வேலைக்கோ தொழிலுக்கோ நிரந்தரமாகத் தங்கவோ நாட்டை விட்டுக் கிளம்பினால், கிளம்பியதிலிருந்தே நீங்கள் வெளிநாட்டில் வசிப்பவர். படிக்கப் போகிற மாணவரையும் ரிசர்வ் வங்கி அப்படித்தான் பார்க்கிறது. ஆகவே உள்ளூர் சேமிப்புக் கணக்கை, வெளிநாட்டில் வசிப்பவர் இங்கே வைத்துக்கொள்ளும் என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்லி எழுதிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு. வங்கி தேடி வந்து கேட்காது. மீறினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நடைமுறையில் அதற்கு முன்பே வேறு வலி வரும்: வீடு விற்கும்போதோ பெரிய தொகையை வெளியே அனுப்பும்போதோ, "இத்தனை வருஷம் உள்ளூர்க்காரர்னு போட்டு ஓட்டியிருக்கீங்களே" என்று கவுண்டரில் ஃபைல் நின்றுபோகும்.

என்.ஆர்.ஓ. என்பது இந்தியாவில் கிடைக்கும் வருமானத்துக்கு: வாடகை, டிவிடெண்டு, பென்ஷன், பழைய சேமிப்பு. என்.ஆர்.இ. என்பது வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்புவதற்கு. என்.ஆர்.இ. பணம் தடையில்லாமல் திரும்ப வெளியே போகும், வட்டிக்கு இங்கே வரி கிடையாது. என்.ஆர்.ஓ.விலிருந்து ஒரு நிதியாண்டில் 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்; ஆனால் பணம் எப்படி வந்தது என்று காட்ட வேண்டும், வரி கட்டியிருக்க வேண்டும், தேவைப்பட்டால் ஆடிட்டர் சான்றும் வேண்டும்.

வட்டியைப் பாருங்கள். 20 லட்சம் ரூபாய் டெபாசிட்டுக்கு 7 விழுக்காடு வட்டி என்றால் வருஷத்துக்கு 1,40,000 ரூபாய். உள்ளூர்க்காரருக்கு வங்கி பிடிக்கும் வரி 10 விழுக்காடு, அதாவது 14,000. என்.ஆர்.ஓ.வில் செஸ் என்ற கூடுதல் வரியோடு சேர்த்து 31.2 விழுக்காடு, 43,680 ரூபாய். போய்ச் சேர்ந்த நாட்டு வரித்துறையிடம் வசிப்பிடச் சான்று வாங்கி வங்கியில் கொடுத்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி அமெரிக்கா, சிங்கப்பூர், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கு இது 15 விழுக்காடாகக் குறையும். அந்த ஒரு காகிதத்துக்குச் சோம்பல்பட்டு வருஷா வருஷம் ரீஃபண்டுக்குக் காத்திருப்பவர்கள் நிறைய.

அப்பா பணமும் மகன் பணமும் ஒரே கணக்கில்

நம் பக்கம் இது மிகச் சாதாரணம். மகன் அபுதாபியில் இருப்பான். அவனுடைய ஏ.டி.எம். கார்டு கொடுமுடியில் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். மஞ்சள் மண்டியில் விற்ற பணம், கொப்பரைப் பணம், பால் சொசைட்டிப் பணம், சீட்டு எடுத்த பணம், மகன் அனுப்பும் சம்பளம் எல்லாம் அதே கணக்கில் விழும். "பையன் கணக்குதானுங்களே, எங்க போயிடப் போகுது?" என்பார் அப்பா. போகாதுதான். ஆனால் நாளைக்கு மகன் மெல்போர்னில் வீடு வாங்க 60 லட்சத்தை அனுப்ப வேண்டும் என்று வரும்போது, அந்தக் கணக்கின் ஸ்டேட்மெண்டைப் பிரித்து வைத்துக்கொண்டு எந்த வரவு மஞ்சள், எந்த வரவு சம்பளம் என்று பென்சிலால் குறிக்க வேண்டியிருக்கிறது. நடுவில் ரொக்கமாகக் கட்டிய 1,90,000 ரூபாய்க்கு மண்டிச் சீட்டு இருக்காது. சம்பளப் பணம் என்.ஆர்.இ.யில் வந்திருந்தால் இந்தப் பஞ்சாயத்தே இல்லை. இப்போது அதுவும் என்.ஆர்.ஓ. பணமாகக் கலந்துவிட்டது.

கிளம்புவதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். தோட்டத்து வருமானம் அப்பா பெயரில் உள்ள கணக்கில் மட்டும் விழட்டும். என்.ஆர்.இ. கணக்கில் உள்ளூர் ரூபாயை எக்காரணம் கொண்டும் கட்டக் கூடாது, வங்கியும் வாங்காது. அப்பா உங்கள் சார்பில் பணம் எடுக்க வேண்டுமானால், கையெழுத்துப் போட்ட வெற்று செக்புக்கைப் பீரோவில் வைத்துவிட்டுப் போவதை விட, வங்கியிலேயே மேண்டேட், அதாவது உங்கள் கணக்கை அவர் இயக்கலாம் என்ற அனுமதி, எழுதிக் கொடுங்கள். உள்ளூர்ச் செலவுக்கு அது போதும்.

உண்டியல், ஹவாலா என்று இரண்டு ரூபாய் அதிகம் தரும் வழிக்கும் இதே பதில்தான். சட்டவிரோதம் என்பது ஒருபுறம். அப்படி வந்த பணத்துக்கு வந்த வழியே கிடையாது, அதனால் போகிற வழியும் கிடையாது. முன்பின் தெரியாத ஆளிடமிருந்து கணக்கில் விழும் தொகை சைபர் மோசடிப் பணமாக இருந்தால், வேறு மாநிலப் போலீஸ் சொல்லி இங்கே கணக்கு முடக்கப்படுவதும் நடக்கிறது.

அனுப்பும்போது டி.சி.எஸ். அதிர்ச்சி

இங்கே வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2025 ஏப்ரல் 1 முதல், ஒரு பான் கார்டுக்கு 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால், படிப்பும் மருத்துவமும் அல்லாத காரணங்களுக்கு, தாண்டிய தொகைக்கு 20 விழுக்காடு டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வாங்கும் வரி, பிடிப்பார்கள். 40 லட்சம் அனுப்பினால் 30 லட்சத்துக்கு 6 லட்சம் ரூபாய். அது தொலைந்த பணமல்ல. ரிட்டர்ன் போடும்போது வரியில் கழியும், மீதி திரும்ப வரும். ஆனால் புது ஊரில் வீட்டுக்கு அட்வான்ஸ் கட்டுகிற மாதத்தில் ஆறு லட்சம் கையில் இல்லாமல் போவது சின்ன விஷயமா? நாலு பேங்கில் பிரித்து அனுப்பினால் தப்பலாம் என்பார்கள். கணக்கு பான் எண்ணில் ஏறுகிறது, பேங்கில் அல்ல.

பலருக்குத் தோன்றாத வழி: முதல் சில மாதச் செலவுக்கு மட்டும் கிளம்பும் முன் அனுப்பிவிட்டு, மீதியை என்.ஆர்.ஓ.வில் விட்டுப் போங்கள். என்.ஆர்.ஐ. ஆன பிறகு அந்த 10 லட்சம் டாலர் வரம்புக்குள் என்.ஆர்.ஓ.விலிருந்து அனுப்புவது வேறு விதியின் கீழ் வருகிறது, அதற்கு டி.சி.எஸ். கிடையாது. படிக்கப் போகிறவர் என்றால், வங்கி போன்ற நிதி நிறுவனத்தில் எடுத்த கல்விக் கடனிலிருந்து கட்டும் தொகைக்கும் 2025 ஏப்ரல் முதல் டி.சி.எஸ். இல்லை.

ரேட் விஷயத்தில் "சார்ஜ் இல்லீங்க" என்பதை நம்ப வேண்டாம். சார்ஜ் ரேட்டுக்குள் ஒளிந்திருக்கும். சந்தை விலையை விட டாலருக்கு 2 ரூபாய் கூட்டிப் போட்டால் 25,000 டாலருக்கு 50,000 ரூபாய் போயிற்று. கையில் கடைசியாக எத்தனை டாலர் சேரும் என்று மட்டும் கேளுங்கள். இரண்டு மூன்று இடத்தில் கேளுங்கள். பல்கலைக்கழகக் கட்டணமாக இருந்தால் இடைவங்கிச் சார்ஜையும் நீங்களே ஏற்பதாக எழுதிக் கொடுங்கள். இல்லாவிட்டால் அங்கே சில டாலர் குறைவாகச் சேர்ந்து "பாக்கி" என்று மெயில் வரும். நோட்டாகக் கொண்டுபோவது பெரும்பாலான நாடுகளுக்கு ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரைதான். இந்திய ரூபாய் 25,000 வரை.

இனிஷியலும் சர்நேமும்

நம் ஆட்களுக்கென்றே அமைந்த தொல்லை இது. பேங்க் பாஸ்புக்கில் ஆர். செந்தில்குமார். பான் கார்டில் செந்தில்குமார் ராமசாமி. பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில், சர்நேம் கட்டம் காலி. அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்.என்.யூ.', அதாவது முதல் பெயர் தெரியாது என்று அச்சாகி வரும். அங்கே வங்கி அட்டையிலும் அதே பெயர் ஏறும். சர்நேமில் அப்பா பெயரைப் போட்டவர்களை பேங்க் மேனேஜர் "மிஸ்டர் ராமசாமி" என்று கூப்பிடுவார், அதற்குப் பழகிக்கொள்ளலாம். பழக முடியாதது, உங்களிடமிருந்து உங்களுக்கே அனுப்பிய பணம் பெயர் ஒத்துவரவில்லை என்று நிற்பது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் பான், ஆதார், வங்கிக் கணக்கு மூன்றையும் கிளம்பும் முன் மாற்றிவிடுங்கள். அங்கிருந்துகொண்டு ஆதாரில் ஓர் எழுத்தைத் திருத்துவது பெரும்பாடு.

கூடவே சிம் கார்டு. ஓ.டி.பி. வருகிற எண்ணை ரீசார்ஜ் செய்யாமல் விட்டால், 90 நாள் பயன்பாடு இல்லாத எண்ணை நிறுவனம் அணைத்து வேறு ஆளுக்குக் கொடுத்துவிடலாம். வெளிநாட்டு எண்ணுக்கு ஓ.டி.பி. அனுப்பும் வங்கியா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில்

இதை நீட்ட வேண்டியதில்லை. வீட்டு முகவரி இல்லாமல் கணக்கு இல்லை, கணக்கு இல்லாமல் வீடு இல்லை என்ற சுற்று எல்லா ஊரிலும் உண்டு. வேலை தரும் நிறுவனத்தின் கடிதம் பெரும்பாலும் உதவும். அமீரகத்தில் முழுக் கணக்குக்கு எமிரேட்ஸ் ஐ.டி. வர வேண்டும். ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்கள் முடக்கக் கணக்கில் வருஷத்துக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும்; அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். இங்கே கடன் நம்பகத்துக்கான உங்கள் சிபில் மதிப்பெண் 800 இருந்தாலும் அங்கே பூஜ்யத்தில்தான் தொடங்குவீர்கள்.

நீட்ட வேண்டியது வரி. என்.ஆர்.இ. வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை என்றால் உலகம் முழுக்க இல்லை என்று அர்த்தமல்ல. அமெரிக்காவும் கனடாவும் தங்கள் நாட்டில் வரி வசிப்பவரான உங்களிடம் உலக வருமானம் முழுக்கக் கேட்கும். அமெரிக்காவில் எஃப்பார் என்ற அறிவிப்பு உண்டு: அமெரிக்காவுக்கு வெளியே உள்ள கணக்குகள் எல்லாம் சேர்த்து வருஷத்தில் ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால் தெரிவிக்க வேண்டும். எச்-1பி என்ற வேலை விசாவில் இருப்பவருக்கும் இது பொருந்தும். இதில் எல்லோரும் மறப்பது, அம்மாவின் ஃபிக்ஸட் டெபாசிட்டில் "யாராவது ஒருத்தர் எடுத்துக்கலாம்"னு சேர்த்த உங்கள் பெயர். பணம் அம்மாவுடையதாக இருக்கலாம், ஆனால் கணக்கு உங்கள் பட்டியலில் வர வேண்டும். வாரிசுக்காகத்தான் என்றால் நாமினியாகப் போட்டாலே போதும். இந்திய மியூச்சுவல் ஃபண்டுகளையும் அமெரிக்க வரித்துறை கடுமையான தனி விதியில் வைத்திருக்கிறது. போவதற்கு முன் விற்பதா வைப்பதா என்று முடிவெடுங்கள். பி.பி.எஃப். என்ற பொது வருங்கால வைப்பு நிதிக் கணக்கு இருந்தால் முதிர்வு வரை ஓட்டலாம், நீட்டிக்க முடியாது.

தோட்டம்

கடைசியாக, ஆனால் நம் பக்கத்தில் பெரிய தொகை இதில்தான் போகிறது. டாலர் சேர்ந்ததும் காங்கேயம் பக்கமோ பொள்ளாச்சி பக்கமோ நாலு ஏக்கர் வாங்கிப் போடலாம் என்று தோன்றும். என்.ஆர்.ஐ.யும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர் வைத்திருக்கும் ஓ.சி.ஐ. அட்டைக்காரரும் விவசாய நிலம், தோட்டப் பயிர் நிலம், பண்ணை வீடு வாங்க முடியாது. வீடோ கடையோ வாங்கலாம். ஊரில் இருந்தபோதே வாங்கிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம். பெற்றோருக்குப் பின் வாரிசாகவும் வரலாம். ஆனால் தானமாக வாங்க முடியாது. அப்பா நல்லா இருக்கும்போதே தான செட்டில்மெண்ட் எழுதிவிடுவதுதான் நம் வழக்கம். மகன் கிளம்பும் முன் எழுதினால் சரி, போன பிறகு எழுதினால் ஃபெமா விதிக்கு முரண்.

"அப்பா பேர்ல வாங்கிக்கறேனுங்க" என்பார்கள். அப்பாவுக்கு முழுமையாகக் கொடுத்த பணமாக இருந்தால் வாங்கலாம். அப்போது அது அப்பா நிலம், உங்கள் நிலமல்ல; பெயர் மட்டும் அப்பாவுடையது, அனுபவிப்பது நான் என்றால் அது பினாமிக் கேள்வியில் கொண்டுபோய் நிறுத்தும். அப்பா எதுவும் எழுதாமல் போய்விட்டால் அம்மாவுக்கும் தங்கச்சிக்கும் சமபங்கு உண்டு. ஆகவே கிரயம் முடித்த கையோடு உயிலையும் பேசிவிடுங்கள், தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு.