சிட்னியில் மெதுவாக ஒரு புஷ் நடை

புஷ் என்கிற இயற்கைக் காட்டுக்குள் நடக்க ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை நல்ல பருவம். மஞ்சள் வாட்டில் பூ உதிரும்போது ஃபிளானல் பூ வெளுக்கத் தொடங்கும். செப்டம்பர் வாக்கில் சிவப்பு வாரட்டாவும் வந்துவிடும். பறிப்பது குற்றம், தொட்டுப் பார்க்கலாம்.

பாதைகளுக்கு 1 முதல் 5 வரை தரம் உண்டு. குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் 1, 2 போதும். 3 கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். கிளம்புமுன் தேசியப் பூங்கா இணையதளத்தில் பாதை மூடல், தீத்தடை அறிவிப்புகளைப் பாருங்கள். நாயைக் கூட்டிப்போக முடியாது. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் வேண்டும்.

காலை ஏழு மணிக்கே இறங்கிவிடுங்கள், நாலைந்து பேராக. பதினைந்து பேர் பிரியாணிப் பொட்டலத்தோடு போனால் பிக்னிக் அமர்க்களமாக இருக்கும். சின்னக் கங்காரு போன்ற வாலபிதான் கண்ணில் படாது.

பூத்த பாங்சியா மரம் தெரிந்தால் நாலைந்து மீட்டர் தள்ளிப் பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். உங்களைக் கண்டு பறந்த தேனுண்ணிப் பறவைகள் அதற்குள் திரும்பிவிடும். ஸ்கிரிப்ளி கம் மரத்தின் வெளிர் பட்டையில் பேனா கிறுக்கியதுபோல் கோடுகள் இருக்கும். ஓர் அந்துப்பூச்சியின் புழு பட்டைக்கடியில் குடைந்த வழி அது. புழு வளர வளரக் கோடும் தடிக்கும். மெல்லிய முனையில் தொடங்கி விரலால் தொடர்ந்து பாருங்கள்.

பாம்பைவிட உண்ணிதான் அதிகம் தொல்லை தரும். முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீடு திரும்பியதும் துணிகளைச் சூடான டிரையரில் 20 நிமிடம் ஓட்டிவிட்டு, காதுப் பின்புறம், தலைமயிர் ஓரம், அக்குள் எல்லாம் தேடுங்கள். ஒட்டியிருந்தால் நகத்தால் கிள்ளாதீர்கள். நசுங்கினால் எச்சில் உள்ளே இறங்கும், ஒவ்வாமை வரலாம். மருந்துக்கடையில் கிடைக்கும் உறையவைக்கும் ஸ்பிரே அடித்து, அதுவாக விழ விடுங்கள். உண்ணிக்கடியில் முன்பு ஒவ்வாமை வந்தவர்கள் தாமாக எடுக்காமல் மருத்துவரிடம் போவதே சரி.

பாம்பைக் கண்டால் நின்று, மெதுவாகப் பின்வாங்குங்கள். பையில் 10 முதல் 15 சென்டிமீட்டர் அகல எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு இருக்கட்டும். கடித்தால் கழுவாமல், கீறாமல் கை அல்லது கால் முழுவதையும் இறுக்கிச் சுற்றி, குச்சி வைத்து அசையாமல் கட்டி, அவசர உதவி எண் 000க்கு அழையுங்கள். கடிபட்டவர் ஓரடிகூட நடக்கக் கூடாது; தசை அசைந்தால் விஷம் பரவும்.

சாண்ட்விச்சைப் பிரிக்குமுன் மேலே ஒரு பார்வை. கூக்கபரா பறவை கையிலிருந்தே கொத்திக்கொண்டு போய்விடும்.