பிள்ளை எந்த இடத்தில் தடுமாறுகிறது? வாசிப்பிலும் கணக்கிலும் பிழையைப் பார்த்துச் சொல்லித்தரும் முறை

1 முதல் 3ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைக்கு வீட்டில் ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும். வாசிப்புக்கு 15 நிமிடம், கணக்குக்கு 15 நிமிடம். அந்த நேரத்தில் எதைச் சொல்லித்தர வேண்டும் என்பதைப் பிள்ளை செய்யும் பிழையே காட்டிக்கொடுக்கும். அதனால் முதல் வேலையாக, அந்த அரை மணி நேரத்துக்கு ரப்பரை எடுத்து உள்ளே வையுங்கள். தப்பாக எழுதியதை அழிக்க வேண்டாம், மேலே ஒரு கோடு மட்டும் போடட்டும். அழித்துவிட்டால் பிள்ளை என்ன நினைத்து அப்படி எழுதியது என்று பிறகு தெரிந்துகொள்ள வழியில்லை.

பிள்ளை அரசுப் பள்ளியிலோ மாநகராட்சிப் பள்ளியிலோ படித்தால் இன்னொரு வசதியும் உண்டு. 2022 ஜூனில் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் கற்றல் நிலைப்படி பிரிக்கிறார்கள். உங்கள் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று டீச்சரிடம் கேளுங்கள். 3ஆம் வகுப்பில் இருந்தாலும் அரும்பு நிலை என்றால், வீட்டில் 3ஆம் வகுப்புப் பாடத்தைத் திணிப்பதில் பயனில்லை, எழுத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

உண்மையிலேயே வாசிக்கிறதா?

வகுப்பில் நடத்தி முடித்த பாடத்தைப் பிள்ளை கடகடவென்று படித்துக் காட்டும். பெரும்பாலும் அது மனப்பாடம். எல்லோரும் சேர்ந்து உரக்கச் சொல்லிச் சொல்லியே வரிகள் பதிந்திருக்கும். சோதிப்பது எளிது: படத்தைக் கையால் மறைத்துவிட்டு, பாடத்தின் கடைசி வரியிலிருந்து ஏதாவது ஒரு சொல்லைத் தொட்டு, ‘இது என்ன?’ என்று கேளுங்கள். பாடத்தை முதலிலிருந்து மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னால், அது இன்னும் வாசிப்பு ஆகவில்லை.

வாசிக்க வைப்பதற்கு இன்னும் நடத்தாத பகுதியாக, 50 சொல் அளவில் எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை படிக்கும்போது ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டு, புத்தகத்தில் இருக்கும் சொல்லை ஒரு பக்கமும் பிள்ளை சொன்னதை மறுபக்கமும் எழுதிக்கொண்டே வாருங்கள். தடுக்கினால் உடனே எடுத்துக் கொடுக்க வேண்டாம். மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். பாதி நேரம் பிள்ளையே பிடித்துக்கொள்ளும். நான்கு நாள் தாள்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒரே வகைப் பிழை திரும்பத் திரும்ப வருவது தெரியும்.

அதிகம் வருவது உயிர்மெய்க் குறிகளில்தான். ‘கெ, கே, கை’ மூன்றிலும் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. ‘கொ, கோ’ இரண்டிலும் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும் பிள்ளை ‘கொடி’ என்பதை ‘கெடி’ என்று படிக்கும், பின்னால் உள்ள காலைக் கவனிக்காது. ‘கௌ’வில் இருக்கும் ‘ள’ போன்ற வடிவத்தைத் தனி எழுத்தாக எடுத்துக்கொண்டு ‘கெள’ என்றும் படிக்கும். இதற்கு அட்டைதான் மருந்து. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி 18 மெய்களுக்கும் க, ங, ச என்று ஒவ்வொரு அட்டை, பாதி அகலத்தில் ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, கால் என்று தனி அட்டைகள். ‘ம’ அட்டையை நடுவில் வைத்து, முதலில் அதையே தொட்டுச் சொல்லச் சொல்லுங்கள். பிறகு கொம்பை இடப்பக்கம் வையுங்கள், ‘மெ’. காலை வலப்பக்கம் சேருங்கள், ‘மொ’. காலை எடுத்தால் என்ன, கொம்பை எடுத்தால் என்ன என்று பிள்ளையே கையால் மாற்றிப் பார்க்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று மெய் போதும்.

உகர வரிசைக்கு இந்த அட்டை உதவாது, ஏனென்றால் அங்கே எழுத்தே உருமாறுகிறது. 247 எழுத்தையும் கட்டம் போட்டு வரிசையாக எழுத வைப்பதைவிட, உருமாறும் விதத்தைப் பார்த்துக் குடும்பமாகப் பிரித்தால் சீக்கிரம் பிடிபடும். சு, பு, யு, வு ஆகியவை கீழே நேர்கோடு இறங்குபவை. டு, மு, ரு, ழு, ளு அடியில் வளைபவை. து, நு, ணு, லு, று, னு வலப்பக்கம் சுழிபவை. இந்த மூன்றாம் குடும்பம்தான் நெடிலாகும்போது கால் வாங்கி தூ, நூ, லூ என்று ஆகும். கு, கூ இரண்டும் தனி.

வீட்டில் பழைய புத்தகம் கொடுத்துப் படிக்கச் சொல்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சானவற்றில் ணா, றா, னா, லை, ளை போன்றவை வேறு வடிவத்தில் இருக்கும். தாத்தா, பாட்டி இன்றும் அப்படியே எழுதிக் காட்டுவார்கள். தொடக்க நிலைப் பிள்ளைக்கு அது குழப்பம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

புள்ளியை விட்டுவிடுவது இன்னொரு வகை. ‘பட்டம்’ என்பதை ‘ப-ட-ட-ம்’ என்று ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் படிக்கும் பிள்ளைக்கு, புள்ளி வைத்த எழுத்து முன்னால் உள்ள எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும் என்று காட்ட வேண்டும். பென்சிலால் கீழே வில் போடுங்கள்: பட் - டம், வண் - ணத் - துப் - பூச் - சி. நீளச் சொல்லுக்கும் இதே வழிதான். ‘பள்ளிக்கூடத்திலிருந்து’ என்பதைக் கண்டதும் பிள்ளை முதல் இரண்டு எழுத்தைப் பார்த்து ‘பள்ளிக்கூடம்’ என்று ஊகித்துவிட்டுத் தாண்டும். விரலால் வால் பகுதியை மூடி, ‘பள்ளிக்கூட’ மட்டும் தெரியவிட்டு, அப்புறம் ‘த்தில்’, அப்புறம் ‘இருந்து’ என்று விரலை நகர்த்துங்கள்.

‘வந்தார்கள்’ என்று இருப்பதைப் பிள்ளை ‘வந்தாங்க’ என்று படித்தால் அங்கே நிறுத்த வேண்டாம். பொருள் புரிந்துதான் தன் பேச்சில் சொல்கிறது. கதை முடியட்டும், பிறகு அந்தச் சொல்லை மட்டும் திருப்பிக் காட்டினால் போதும். கதையைத் திருப்பிச் சொல்லச் சொல்லும்போதும் பேச்சுத் தமிழிலேயே சொல்லட்டும். கேட்க இரண்டு கேள்வி போதும், ஒன்று வரியிலேயே விடை இருப்பது, இன்னொன்று ‘அவன் ஏன் அப்படிச் செஞ்சான்?’ போன்றது.

வேகத்தைத் தினமும் அளக்காதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாகப் படிக்கிறது என்று குறித்தால் போதும். ஆங்கில வாசிப்புக்குச் சொல்லும் எண்ணிக்கையை இதற்குப் பொருத்தக் கூடாது. ஆங்கிலத்தில் மூன்று, நான்கு சொல்லில் வருவது தமிழில் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும். பிள்ளையின் போன மாத எண்ணிக்கையோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

படிக்க எதைக் கொடுப்பது? பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது திருவான்மியூர், பெரம்பூர், பெசன்ட் நகர் என்று வரும் போர்டுகளே நல்ல பயிற்சி. பஸ் கிளம்புவதற்குள் படித்தாக வேண்டும் என்பதால் பிள்ளை ஆர்வமாகவே படிக்கும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர் பிரிவு இருக்கிறது. ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலைவாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன, முதல் நிலையிலிருந்து தொடங்குங்கள்.

சொல்வதெழுதுதல்

‘வாளைப்பளம்’ என்று எழுதும் பிள்ளை கவனக்குறைவானது இல்லை, காதில் விழுவதை எழுதுகிறது. நம் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. அரை, அறை இரண்டும் காதுக்கு ஒன்றுதான். ‘நல்லா கேட்டு எழுது’ என்று சொல்வதால் இது சரியாகாது. கண்ணால்தான் பதிய வேண்டும். ஒரு வாரத்துக்கு ஓர் எழுத்து என்று வைத்து, பழம், மழை, வாழை, ஏழு, கிழமை என்று ஐந்து சொல்லைச் சுவரில் ஒட்டுங்கள். தினமும் ஐந்து சொல் எழுதச் சொல்லுங்கள், இரண்டு பழகியது, மூன்று இந்த வாரத்தது. பல்லி–பள்ளி, வால்–வாள் போன்ற ஜோடிகளை இரண்டும் தனித்தனியாக நன்றாகத் தெரிந்த பிறகே பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். முதல் நாளே சேர்த்துக் கொடுத்தால் இரண்டும் கலங்கிவிடும்.

கணக்கு: விடையைவிட வழியைப் பாருங்கள்

நோட்டில் 42 − 17 = 35 என்று இருக்கிறதா? 52 − 18, 61 − 25 இரண்டையும் போடச் சொல்லிப் பாருங்கள். 46, 44 என்று வந்தால் பிள்ளை ஒரே விதியைத் தவறாமல் பின்பற்றுகிறது: ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிக்கிறது. ஓரிலக்கக் கழித்தலில் ‘பெரியதிலிருந்து சின்னதைக் கழி’ என்று சொல்லிக்கொடுத்தது இங்கே வந்து நிற்கிறது. ‘கடன் வாங்கு’ என்று மறுபடி சொன்னால் பயன் இருக்காது, கடன் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும்.

100 ஐஸ் குச்சியும் கொஞ்சம் ரப்பர் பேண்டும் வாங்குங்கள். பத்துப் பத்தாகப் பிள்ளையே எண்ணிக் கட்டட்டும், நீங்கள் கட்டிக் கொடுக்காதீர்கள். 42 என்றால் நான்கு கட்டு, இரண்டு உதிரி. ‘இதிலிருந்து 7 உதிரி கொடு’ என்று கேளுங்கள். இரண்டுதான் இருக்கிறது. பிள்ளை முழிக்கும், பொறுங்கள். ஒரு கட்டை அவிழ்க்கலாம் என்று அதற்கே தோன்ற வேண்டும். அவிழ்த்தால் மூன்று கட்டு, பன்னிரண்டு உதிரி. ஏழு போக ஐந்து. பிறகு ஒரு கட்டைக் கொடுத்தால் மீதி இரண்டு கட்டு, ஐந்து உதிரி, 25. கட்டு அவிழ்ந்த அதே நேரத்தில் நோட்டில் 4ஐ அடித்து 3 என்றும், 2ஐ அடித்து 12 என்றும் எழுத வையுங்கள். குச்சியும் எழுத்தும் சேர்ந்தே நடக்காவிட்டால், குச்சியில் சரியாகச் செய்யும் பிள்ளை நோட்டில் பழையபடியே போடும். ரூபாய் நாணயத்தை இதற்குப் பிறகு எடுங்கள். பத்து ரூபாய் நாணயத்தைப் பார்த்தால் உள்ளே பத்து இருப்பது தெரியாது.

38 + 47 = 715 என்று வருவதும் இதே குடும்பம். கூட்டுவதற்கு முன், ‘கிட்டத்தட்ட எவ்வளவு வரும்?’ என்று கேட்டுப் பழக்குங்கள். 40, 50 என்று வைத்து 90 பக்கத்தில் என்று சொன்ன பிள்ளைக்கு 715ஐப் பார்த்ததும் உறுத்தும்.

நூற்றி ஐந்தை 1005 என்று எழுதினால் சீட்டு செய்யுங்கள். கட்டம் போட்ட தாளில் 100, 200… மூன்று கட்ட நீளம். 10, 20… இரண்டு கட்டம். 1 முதல் 9 வரை ஒரு கட்டம். வலப்பக்க ஓரம் சேரும்படி ஒன்றின்மேல் ஒன்று வைத்தால், 100இன் கடைசிச் சுழியத்தை 5 மறைத்து 105 ஆகும். 400, 30, 6 சேர்ந்து 436. சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் சுழியங்கள் இருக்கும். தொண்ணூற்றி மூன்றை 903 என்று எழுதும் பிள்ளைகள் உண்டு, பெயருக்குள்ளேயே நூறு கேட்பதால். இங்கிலீஷ் மீடியத்தில் தர்ட்டீன்–தர்ட்டி, ஃபிஃப்டீன்–ஃபிஃப்டி ஆகியவை மாறும். எண்ணைச் சொல்லிவிட்டு, அதற்குக் குச்சிக் கட்டு எடுக்கச் சொன்னால் குழப்பம் எங்கே என்று தெரிந்துவிடும்.

8 + 5 = 12 என்று அடிக்கடி ஒன்று குறைகிறதா? விரல் விடுவதைக் கவனியுங்கள். எட்டையே முதல் விரலாக எண்ணி 8, 9, 10, 11, 12 என்று முடிக்கும். இதைத் திருத்த வடகிழக்குப் பருவமழைக்கு விடும் லீவு நாளில் பரமபதம் போதும். காய் நிற்கும் கட்டத்தையே ஒன்று என்று எண்ணுவதும் இதே பிழைதான். ஆட்டத்தில், ‘நீ ஏற்கெனவே அங்கேதானே நிக்கிற, அடுத்த கட்டம்தான் ஒண்ணு’ என்று சொன்னால் உடனே ஏறும். பல்லாங்குழி இருந்தால் 14 குழிக்கும் 5 வீதம் போட்டு, மொத்தம் எத்தனை என்று கேளுங்கள்.

வாய்ப்பாட்டைக் குறுக்கே கேளுங்கள். 7 × 8 என்றதும் உதடு ‘ஓரேழு ஏழு’ என்று முதலிலிருந்து தொடங்கினால், அது பாட்டாகத்தான் தெரியும். 2, 10, 5 முதலில், பிறகு 2இன் இரட்டிப்பான 4, 3, அதன் இரட்டிப்பான 6, 9, கடைசியில் 7, 8. 7 × 8 தெரியாவிட்டால் 7 × 4 = 28, அதை இரட்டித்தால் 56. 2 முதல் 10 வரை 81 பெருக்கல் இருந்தாலும், 3 × 7ம் 7 × 3ம் ஒன்று என்பதால் நினைவில் வைக்க வேண்டியது 45தான்.

வாக்கியக் கணக்கில் சொல்லைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவது பெரிய தொல்லை. ‘கலாவிடம் 15 பென்சில் உள்ளது. அது ரவியிடம் இருப்பதைவிட 6 அதிகம். ரவியிடம் எத்தனை?’ ‘அதிகம்’ என்று இருப்பதால் பிள்ளை கூட்டி 21 என்று எழுதும். எண்ணை மறைத்துவிட்டு, ‘யார்கிட்ட நிறைய இருக்கு?’ என்று மட்டும் முதலில் கேளுங்கள். பிறகு இரண்டு பட்டை வரையட்டும், கலாவுக்கு நீளமானது, ரவிக்குக் குட்டை. மீறி நிற்கும் துண்டு 6. மீதி 9 என்று பட்டையே காட்டும்.

இரண்டு மாதம் இப்படி விடாமல் செய்தும் அதே பிழை அசையாமல் நின்றால், சோம்பேறி என்று சொல்வதை விட்டுவிட்டு முதலில் கண்ணைச் சோதியுங்கள். வரி மாறிப் படிப்பது, போர்டில் இருப்பதைத் தப்பாக எழுதுவது இரண்டுக்கும் பார்வைக் குறை காரணமாக இருக்கலாம். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பார்க்கலாம். அடிக்கடி காதுவலி, சளி வரும் பிள்ளைக்குக் கேட்கும் திறனையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, பேச்சில் கெட்டியாக இருக்கும் பிள்ளை எழுத்தில் மட்டும் தடுமாறினால், கற்றல் குறைபாட்டுக்கான மதிப்பீடு தேவை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இதற்கு வழிகாட்டுகிறது. டீச்சரைப் பார்க்கப் போனாலும் மதிப்பீட்டுக்குப் போனாலும் மார்க் ஷீட்டோடு அந்த இரண்டு பத்தித் தாள்களையும் அழிக்காத கணக்கு நோட்டையும் எடுத்துப் போங்கள். தேதி போட்டு வைத்திருந்தால் இன்னும் நல்லது.