தகரத்தின் மேல் டயர் வைத்தால் போதுமா? புயலுக்கு முன்னும் பின்னும் நாம் செய்யும் தவறுகள்

"புயலெல்லாம் பிலிப்பைன்ஸ்காரனுக்கு, நமக்கு ஏது?" மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், குளுவாங் பக்கம் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். பாதி உண்மைதான். நிலநடுக்கோட்டை ஒட்டி இருப்பதால் நம் பக்கம் புயல் உருவாவது அபூர்வம். ஆனாலும் 2001 டிசம்பர் 27-ல் வாமேய் புயல் இதே ஜொகூரில்தான் கரையேறியது. அதற்கு ஐந்து வருடம் முன்பு, கிரெக் புயல் சபாவின் கெனிங்காவ் பகுதியில் 200 பேருக்கு மேல் பலி வாங்கியது.

ஹரிக்கேன், அதாவது கடும் சூறாவளி, என்று பெயர் வாங்கவே காற்று மணிக்கு 119 கிலோமீட்டர் வேகத்தைத் தொட வேண்டும். சரியாக அடிக்காத தகரத்துக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை, சாயங்கால மழையோடு வரும் காற்றே போதும்.

தோட்டத்து வீடுகளில் கூரை மேல் லாரி டயரும் செங்கல்லும் வைப்பது பழைய வழக்கம். என் பெரியப்பாவும் நாலு டயர் வைத்திருந்தார். ஒரு நாள் காற்றில் தகரம் செம்பனை மரத்தில் போய்ச் சுற்றிக்கொண்டது, ஒரு டயர் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் கிடந்தது. நான் கவனித்தது ஆணியைத்தான். கொஞ்சம்கூட வளையாமல் கட்டையிலிருந்து நேராக உருவிக்கொண்டு வந்திருந்தது. காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதில்லை, உறிஞ்சித் தூக்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் அந்த விசை நாலு மடங்காகும். ரப்பர் வாஷர் வைத்த திருகாணியால் தகரத்தை முடுக்கி, கூரைக் கட்டையையும் இரும்புப் பட்டை போட்டுச் சுவரோடு பிணைத்துவிட்டால் டயருக்கு வேலையே இல்லை.

வாசலில் இருக்கும் அஞ்சடி நடைபாதைக்கு மேல் இழுத்துப் போட்ட கூரையையும் பாருங்கள். மூன்று பக்கமும் திறந்திருப்பதால் காற்று அடியில் புகுந்துவிடும். வீட்டுக் கூரையோடு சேர்த்து அடித்திருந்தால், போகும்போது அதையும் இழுத்துக்கொண்டு போகும்.

"காற்று வெளியே போகட்டும்" என்று ஜன்னலைத் திறந்து வைப்பவர்களும் உண்டு. உள்ளே வந்த காற்றும் கூரையைத்தான் முட்டும். மேலே இழுப்பு, கீழே தள்ளல். அடைத்து வையுங்கள். கண்ணாடியில் டேப் ஒட்டுவது வீண் வேலை.

காற்றையே பார்த்துக்கொண்டு தண்ணீரை மறப்பதும் நடக்கிறது. 2005-ல் கத்ரீனா புயல் வந்தபோது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரின் 80 விழுக்காடு மூழ்கியது, தடுப்புக் கரைகள் உடைந்ததால். நம் ஊரில் அதே வேலையைச் செம்பனை மட்டை அடைத்த கால்வாய் செய்யும்.

மழை விட்டதும் ஈரக் கூரையில் தார்ப்பாயோடு ஏறாதீர்கள். பெரிய சூறாவளியின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, கடக்கும்போது காற்று அடங்கியது போலிருக்கும், அப்புறம் எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். அறுந்து கிடக்கும் கம்பியில் மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்பது பார்த்தால் தெரியாது. ஜெனரேட்டர் இருந்தால் வீட்டுக்கு வெளியே, ஜன்னலுக்குத் தூரமாக வையுங்கள். அதன் புகையில் வாசனையே இல்லாத நச்சு வாயு இருக்கும். பழைய லயத்துக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் என்றால், உடைந்த துண்டுகளை உலர்ந்தபடி பெருக்கவே கூடாது. நனைத்து, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள்.

கடைசியாக, அலமாரியில் இருக்கும் காப்புறுதிப் பத்திரம். வெறும் தீ காப்புறுதி மட்டும் எடுத்திருந்தால் புயலுக்கும் வெள்ளத்துக்கும் பணம் கிடைக்காது. இவற்றையும் சேர்த்த வீட்டுக்காரர் காப்புறுதியா (Houseowner) என்று பெயரைப் பாருங்கள், இன்றைக்கே.