ஈஎஸ்ஐ சிக் லீவு: முதல் சீட்டு முதல் ஃபிட்னஸ் வரை

பனியன் கம்பெனியில் சேர்ந்த இரண்டாவது வருடம் எனக்கு டைபாய்டு. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஊசி போட்டுக்கொண்டு, 12 நாள் கழித்து அந்த டாக்டரின் லெட்டர்பேடில் எழுதி வாங்கிப் போனேன். லீவு கிடைத்தது, காசு வரவில்லை. சம்பளத்தில் மாதாமாதம் ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களே, அதிலிருந்து எனக்கு வரவேண்டிய பணம் ஒன்று இருந்தது என்பதே பிறகுதான் தெரிந்தது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் யாரும் இப்படி ஏமாறக் கூடாது.

முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள். ஈஎஸ்ஐ பிடித்தம் 0.75 சதவீதம் இருக்கிறதா? சரி. சிகிச்சை முதல் நாளிலிருந்தே உண்டு. ஆனால் சிக் லீவுப் பணத்துக்கு ஆறு மாதக் கணக்கில் 78 நாளாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியது அடுத்த ஜனவரி–ஜூனுக்கும், அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியது ஜூலை–டிசம்பருக்கும் பலன் தரும்.

அடுத்தது, முடியாமல் போன அன்றே ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போவது. ஈஎஸ்ஐ அட்டையும் ஆதாரும் கையில் இருக்கட்டும். டாக்டரிடம் வாய் திறந்து கேளுங்கள்: "சார், வேலைக்குப் போக முடியல, லீவு சீட்டு வேணும்." கேட்காவிட்டால் பல நேரம் மாத்திரை மட்டும்தான் கைக்கு வரும். நாள் கடந்து போய், பழைய தேதிக்குச் சீட்டு கேட்டால் கிடைப்பது கஷ்டம். அவசரத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரி, பில் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து ஈஎஸ்ஐ கிளை அலுவலகத்தில் கொடுங்கள். ஏற்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு.

சீட்டு கிடைத்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், இன்சூரன்ஸ் நம்பர், தேதி. பொதுவாக வாரம் ஒருமுறை போய் அடுத்த சீட்டு வாங்க வேண்டும். முதல் சீட்டு 12ஆம் தேதியோடு முடிந்தால் அடுத்தது 13லிருந்து தொடங்க வேண்டும். நடுவில் விடுபட்ட நாளுக்குப் பணம் வராது. ஒவ்வொரு சீட்டையும் போட்டோ எடுத்து, கம்பெனியில் வருகைக் கணக்கு பார்க்கும் டைம் ஆபீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

பணம் எவ்வளவு? தினக்கூலி சராசரியில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. முதல் 2 நாளுக்குக் கிடையாது. நாள் சம்பளம் 500 என்றால் 350 ரூபாய். அந்த 12 நாளில் 10 நாளுக்கு 3,500 ரூபாய் வந்திருக்கும். அன்றைக்கு என் வீட்டு வாடகையே அவ்வளவுதான். டிபி, கேன்சர் போன்ற நீண்ட நோய்களுக்குக் கூடுதல் நிபந்தனைகளோடு 80 சதவீதம் வரை தனியாக உண்டு.

உடம்பு தேறியதும் கடைசிச் சீட்டு. இதைத்தான் ஃபிட்னஸ் என்கிறோம். எந்தத் தேதியிலிருந்து வேலைக்குப் போகலாம் என்று அதில் இருக்கும். அதற்கு முன்னால், சூப்பர்வைசர் போன் போட்டு அழைத்தாலும், ஒரு நாள்கூட பஞ்ச் வைக்காதீர்கள். லீவுப் பணம் வாங்கும் நாளில் சம்பளமும் வாங்கக் கூடாது. கால் இன்னும் நடுங்குகிறதா? அதை டாக்டரிடம் சொல்லி இன்னொரு வாரம் கேளுங்கள்.

அப்புறம், கோரிக்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்து சீட்டுகளோடு கிளை அலுவலகத்தில் கொடுத்தால் பணம் வங்கிக் கணக்குக்கு வரும். கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிட்னஸில் ஒரு பிரதியை டைம் ஆபீசில் கொடுக்கும்போதே, முதல் வாரம் நைட் ஷிப்டும் ஓவர்டைமும் வேண்டாம் என்று கேட்டுவிடுங்கள்.